சுவரில் தொங்கும் லண்டன்

கறுப்பு மையில் அச்சிட்ட பழைய நகரக் காட்சி ஒன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை நீங்கள் எங்கேனும் பார்த்திருக்கலாம். நடுவே அகன்ற ஆறு. அதன் குறுக்கே, மேலே வரிசையாக வீடுகள் கட்டிய பாலம். அக்கரையில் தேவாலயங்களின் கூரிய கோபுரங்கள். அது தேம்ஸ் நதிக்கரையிலுள்ள லண்டன் மாநகராக இருந்தால், வென்செஸ்லாஸ் ஹோலர் 1647இல் வெளியிட்ட படத்தின் மறுபதிப்பாக இருக்கலாம்.

"அழகான படம்" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அதற்குள் ஓர் அளவீடு இருக்கிறது. ஒரு பிழையும் இருக்கிறது.

ஹோலர் 1607இல் பிராக் நகரில் பிறந்தவர். லண்டனில் வாழ்ந்தபோது, ஆற்றின் தென்கரையிலுள்ள ஒரு தேவாலயக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று நகரை வரைந்தார். அத்தேவாலயம் இன்றும் சதர்க் பேராலயம் என்ற பெயரில் நிற்கிறது. பின்னர் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சென்று, அந்த வரைபடங்களைக் கொண்டு செப்புத் தகடுகளைத் தயாரித்தார்.

மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கோடு கீறி, அதன்மேல் அமிலத்தை ஊற்றுவார்கள். மெழுகு நீங்கிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை நிரப்பிக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் அது இடவலம் மாறியிருக்கும்! ஆகவே நகரம் முழுவதையும் ஹோலர் தகட்டில் தலைகீழாக அல்ல, இடவலமாக மாற்றிக் கீற வேண்டியிருந்தது. ஆறு தகடுகளில் எடுத்த தாள்களைச் சேர்த்து ஒட்டினால், படத்தின் நீளம் 2 மீட்டரைத் தாண்டும்.

ஓரிடத்தில் நின்ற கண்

இந்தப் படத்தின் சிறப்பு யாது? அது ஒரே இடத்திலிருந்து பார்த்து வரையப்பட்டது என்பதே. அதன் பயனை அறிய ஒரு சோதனை செய்யுங்கள்.

சன்னல் கண்ணாடியிலிருந்து 50 செ.மீ. தள்ளி நில்லுங்கள். தலையை அசைக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரியும் மரத்தைக் கண்ணாடியின்மேல் வரையுங்கள். வரைந்த மரத்தின் உயரம் 15 செ.மீ. என்றும், உண்மை மரம் உங்கள் கண்ணிலிருந்து 30 மீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். உங்கள் கண்ணை உச்சியாகக் கொண்ட இரு முக்கோணங்களும் வடிவொத்தவை. எனவே மரத்தின் உயரம் 15/50 × 30 = 9 மீட்டர். மரத்தில் ஏறாமலே அளந்துவிட்டீர்கள்! இடையில் தலையை நகர்த்தியிருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

இதே முறையில்தான் மறைந்துபோன ஒரு கட்டடமும் அளக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கு 1613இல் எரிந்தது. அதே இடத்தில் மீண்டும் கட்டிய அரங்கும் பின்னர் இடிக்கப்பட்டது. ஆயினும் ஹோலர் கோபுரத்திலிருந்து வரைந்த ஓவியத்தில் அந்த இரண்டாம் குளோப் நிற்கிறது. ஜான் ஓரெல் என்னும் ஆய்வாளர், அந்த ஓவியத்தில் காணும் கட்டடங்களின் இடைவெளிகளை நகர வரைபடத்துடன் ஒப்பிட்டார். அவை நன்கு பொருந்தின. அதைக் கொண்டு அரங்கின் விட்டம் சுமார் 100 அடி என்று 1980களில் கணக்கிட்டார். 1997இல் திறக்கப்பட்ட புதிய குளோப் ஏறக்குறைய இந்த அளவிலேயே அமைந்தது.

பிழை எங்கே?

1989இல் பழைய அரங்கின் அடித்தளத்தில் ஒரு சிறு பகுதி தோண்டி எடுக்கப்பட்டது. அதை ஆராய்ந்த சிலர், அரங்கு 100 அடியைவிடச் சிறியது என்கின்றனர். இதில் வியப்பில்லை. படத்தில் ஒரு கட்டடம் 10 மி.மீ. அகலமும், கோட்டின் தடிமன் அரை மி.மீட்டரும் இருந்தால், கோட்டின் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்பதிலேயே 5 சதவீதம் ஐயம் வந்துவிடும். நூறு அடியில் அது ஐந்து அடி! எந்த அளவீடும் தன் பிழையளவையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை பெறும்.

இதைவிட வேடிக்கையான பிழை வேறொன்று உண்டு. அச்சுப் படத்தில் குளோப் அரங்கின்மேல் "கரடிச் சண்டைக் கூடம்" என்றும், கரடிச் சண்டைக் கூடத்தின்மேல் "குளோப்" என்றும் பெயர்கள் மாறி அச்சாகிவிட்டன! கட்டடங்களின் வடிவத்தை அவர் கோபுரத்தில் நின்று கண்ணால் கண்டு வரைந்தார். தகட்டில் பெயர்களைப் பொறித்ததோ கடலுக்கு அப்பால், வேறொரு நாட்டில். கோடுகள் சரியாக இருந்தன, பெயர்கள் தவறிவிட்டன.

1666இல் மூண்ட பெருந்தீயில் சுமார் 13,000 வீடுகளும் பழைய செயின்ட் பால் பேராலயமும் அழிந்தன. ஒரு காலத்தில் வீடுகள் நிறைந்திருந்த பழைய பாலமும் பின்னர் இடிக்கப்பட்டது. அந்த லண்டனை இன்று நாம் அறிவதற்கு, ஒருவர் ஓரிடத்தில் நின்று பொறுமையாக வரைந்ததும் ஒரு காரணம் அல்லவா?

நீங்களும் உங்கள் பள்ளி மாடியிலிருந்து தெருவை வரைந்து பாருங்கள். நின்ற இடத்தையும் தேதியையும் மறவாமல் குறித்துவையுங்கள். பெயர்களை மட்டும் வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டுவிடாதீர்கள், அங்கேயே எழுதிவிடுங்கள்!