இந்த மருந்துக்கு நோய் கேட்குமா?

கிரோன் நோய் கண்டவரின் குடலுக்குள் எண்டோஸ்கோப்பைச் செலுத்தும் மருத்துவருக்குப் புண் தெரியும், வீக்கம் தெரியும், குடல் சுருங்கிய இடமும் தெரியும். அந்தப் புண் எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதுதான் தெரியாது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை முடக்கும் மருந்துகள் 1998 முதல் இந்நோய்க்குப் புழக்கத்தில் உள்ளன. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவை தொடக்கத்திலேயே பலிப்பதில்லை. கொடுத்துப் பார்ப்பது, கேட்காவிட்டால் மாற்றுவது என்பதே இன்றும் நடைமுறை. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும், பணம் கரையும். உடலில் அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பும் ஆபத்து வேறு. இந்தியாவில் இதைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது. எண்டோஸ்கோப்பியின் அடுத்த வேலை, மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுவதாகவே இருக்க வேண்டும்.

அது நடக்கக்கூடியதுதான் என்று ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் 2014இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் காட்டினார்கள். அவர்கள் மருந்தையே துப்பறிய விட்டார்கள். அடாலிமுமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்தில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, ஊசியில் ஏற்றாமல், எண்டோஸ்கோப் வழியே புண்பட்ட குடற்சுவரின்மேல் தெளித்தார்கள். தம் மேற்பரப்பில் டி.என்.எஃப். தாங்கிய செல்களில் அது போய் ஒட்டும். லேசர் நுண்ணோக்கியில் அவை ஒளிர்வதை அங்கேயே எண்ணலாம். பிறகு 25 நோயாளிகளுக்கும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். ஒளிர்ந்த செல்கள் மிகுந்திருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கு 12ஆம் வாரத்தில் பலன் தெரிந்தது. குறைந்திருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு மட்டுமே.

வெறும் 25 பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. இவ்வளவு சிறிய குழுவில் இரண்டு மூன்று பேர் இடம் மாறினாலே சதவீதம் ஆடிப்போகும். ஆனால் 92க்கும் 15க்கும் இடையிலான பள்ளத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவதும் எளிதல்ல. திசுவைக் கிள்ளி எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. கிள்ளிய திசு அந்த ஓரிடத்தைத்தான் சொல்லும், முடிவு வரவும் நாளாகும்; இங்கே உயிருள்ள குடலில் பல இடங்களை ஒரே அமர்வில் பார்க்கலாம். லென்ஸுக்குள் ஒரு நேரத்தில் அரை மில்லிமீட்டர் அகலம்கூட அடங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவி விலை அதிகம், பழகிய கை வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். பலிக்காத மருந்தை மாதக்கணக்கில் ஏற்றும் செலவையும் தராசில் வைத்துத்தான் அதைப் பேச வேண்டும். படம் பார்த்து மருந்து தேர்ந்தவர்களையும் வழக்கப்படி சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிடும் பெரிய ஆய்வுதான் இதைத் தீர்க்கும். அதுவரை இது ஆய்வுக்கூடத்தின் கருவி. நோயாளிகள் இதற்காகக் காத்திருந்து, இப்போது கிடைக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.