குருத்தணுக்களைச் சிறுவர்க்கு விளக்குதல்

திடப்படுத்தல் ஆயத்த வகுப்பில் ஒரு சிறுவன் நம்மை வினவினான்: “ஐயா, தங்கச்சிக்கு என் எலும்பு மஜ்ஜையைக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் எனக்குக் குறைந்துபோகுமா? கருவிலிருக்கிற குழந்தையை அழித்துச் செய்கிற வைத்தியம், பாவம் என்று பாட்டி சொல்கிறார்களே?” அன்று அவனோடு ஜெபித்தோம்; விடை கூற இயலவில்லை. ஜெபம் தேவையே, எனினும் நமது அறியாமைக்கு அது போர்வையாதல் தகாது. ஆதலின், இப்பொருளைச் சிறுவர்க்கு உணர்த்தும் முறையை ஈண்டு நோக்குவோம்.

1. குருத்தணு என்பது யாது?

நமது உடல் உயிரணுக்களால் ஆயது. தசையணு சுருங்குகிறது, நரம்பணு செய்தி கடத்துகிறது, குருதியின் சிவப்பணு உயிர்வளியைச் சுமக்கிறது. இவ்வாறு ஒரு தொழிலுக்கென அமைந்துவிட்ட அணுக்களுள் பல, மீண்டும் பெருகும் ஆற்றலை இழக்கின்றன. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்களே. அழிந்தவற்றின் இடத்தை நிரப்புவதற்கென, தொழிலேற்காத சில அணுக்களை உடல் காத்து வைத்துள்ளது. ஸ்டெம் செல் எனப்படும் இவையே குருத்தணுக்கள்.

சிறுவர்க்கு விதைநெல்லை உவமையாகக் காட்டலாம். உழவர் விளைச்சலில் ஒரு பகுதியை விதைக்கென ஒதுக்குவர். எஞ்சியது அரிசியும் அவலும் பொரியுமாகும். பொரி மீண்டும் முளைப்பதில்லை. விதைநெல்லோ தன்னையும் புதுப்பித்து, வீட்டாரையும் உண்பிக்கிறது. அங்ஙனமே குருத்தணுவும் தன்னைப் போன்ற அணுவையும் பிறப்பிக்கும். தொழில் செய்யும் அணுவையும் பிறப்பிக்கும்.

2. மூவகைக் குருத்தணுக்கள்

முதலாவது, வளர்ந்த உடலில் உள்ளவை. மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் குருதியணுக்களை உண்டாக்குகின்றன. டில், மெக்கல்லக் என்னும் கனடிய அறிஞர் இருவர் 1960களின் தொடக்கத்தில் எலிகளில் செய்த ஆய்வுகளால் இவற்றின் இயல்பு புலனாயிற்று.

இரண்டாவது, ஏறத்தாழ ஐந்து நாள் வளர்ந்த கருவிலிருந்து பெறப்படுபவை. இவை உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்லன. 1998இல் ஜேம்ஸ் தாம்சன் என்பார் மனிதக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தார். இதற்கெனக் கரு அழிக்கப்படுதலின், மனச்சாட்சியின் வினா எழுகிறது. இதில் திருச்சபைகள் ஒருமித்த கருத்துடையன அல்ல.

மூன்றாவது, ஜப்பானியராகிய யாமனாக்கா கண்ட வகை. நான்கு மரபணுக்களைச் செலுத்தி, 2006இல் எலியின் அணுக்களையும், 2007இல் மனிதத் தோலின் அணுக்களையும் குருத்தணுவைப் போன்ற நிலைக்கு அவர் மீட்டார். பொரியை மீண்டும் விதைநெல்லாக்கியது போன்ற விந்தை இது! இதற்குக் கருவை அழிக்க வேண்டுவதில்லை. 2012இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

3. அச்சிறுவனுக்குரிய விடை

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முதல் வகையைச் சார்ந்தது, எக்கருவும் அழிக்கப்படுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுப்பர்; பலர் அஞ்சுவது போல் தண்டுவடத்திலிருந்து அன்று. கொடுத்தவரின் மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் நிறையும். உடன்பிறந்தார் ஒருவருடைய மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஆதலின் அது அரிய கொடை. எனினும் கொடை மனமுவந்ததாதல் வேண்டும். சிறுவனை அச்சுறுத்தியோ, வேதவசனத்தால் நெருக்கியோ இணங்கச் செய்தல் ஆயர்க்கு அடாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. ஆனால் குருத்தணுவின் பெயரால் எந்நோயையும் தீர்ப்பதாகப் பணம் பறிப்போரும் உளர். நிலைநாட்டப்பட்ட குருதிக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, ஏனையவை முறையான ஆய்வாக மட்டுமே நடைபெற வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வரையறுத்தது. நிலத்தை விற்க முனையும் குடும்பத்திற்கு இதனைக் கூறுதலும் மேய்ப்புப் பணியே.

அச்சிறுவனுக்கு ஒரு செவிலியர் பொறுமையாக விளக்கினார். அவன் திரும்பி வந்து, “குறையாதாம் ஐயா, திரும்ப ஊறிவிடுமாம்” என்றான். நாம் அவனுக்குக் கூறியிருக்க வேண்டியதை அவனே நமக்குக் கற்பித்தான்.