ஆரணிக்கு ஓர் அருங்காட்சியகம் – 6: கழனி தடுத்த படை

கோட்டை, ஜாகிர்தார்கள், எஸ்.வி. நகரம் அரண்மனை எல்லாம் பார்த்தாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் குழித்தறி என்று சொல்லியிருந்தேன். ஆனால் 1751 என்னை விடவில்லை.

ஆற்காட்டுக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரை ராஜா சாகிப் வளைத்த முற்றுகை 50 நாள் நீடித்து, நவம்பரில் முறிந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகனான அவர், பின்வாங்கிப் பிரெஞ்சுப் படையோடு ஆரணிப் பக்கம் வந்தார். மராத்தியக் குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டு ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் துரத்தி வந்தார். டிசம்பரில் மோதல்.

கிளைவிடம் ஆள் குறைவு. ஆனால் அவர் பிடித்த இடத்தைப் பாருங்கள். வலப்பக்கம் ஓர் ஊர், இடப்பக்கம் பனந்தோப்பு, எதிரே சேறு நிறைந்த நெல் வயல். பருவமழையில் நம் கழனி எப்படிக் கிடக்கும் என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். அதில் இறங்கப் பயந்து, பிரெஞ்சுக் காலாட்படையும் பீரங்கியும் கோட்டைக்குப் போகும் மேட்டுப்பாதை வழியாகவே நகர்ந்தன. அந்த ஒற்றைப் பாதையைக் குறிவைத்துக் கிளைவின் பீரங்கிகள் சுட்டன. தோப்புப் பக்கம் மராத்தியர்கள் ஐந்து முறை பாய்ந்தார்கள். இருட்டுவதற்குள் ராஜா சாகிபின் படை கலைந்துவிட்டது. ஒரு லட்சம் ரூபாயோடு அவருடைய கஜானாப் பெட்டியும் பிடிபட்டது. ஆங்கிலேயரின் வீரம் என்று படித்து வந்த வெற்றியில் பாதி, நம் உழவர்கள் தண்ணீர் கட்டி வைத்திருந்த வயலுக்குச் சேரவேண்டியது.

தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் சுமார் 600 பேர் ஆயுதங்களோடு வந்து கிளைவிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெட்டியிலிருந்த பணத்தைக்கூடக் குறித்து வைத்த வரலாறு, இவர்களில் ஒருவர் பெயரையும் குறிக்கவில்லை.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டிலும் இதே கதைதான். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது கல்வெட்டு. எண் மட்டும்தான், பெயர் இல்லை. அங்கிருந்து சிறிது தூரத்தில், கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில், வேலூரில் சிறையிருந்து 1832-ல் இறந்த கண்டி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகை பத்திரமாக இருக்கிறது. இருக்கட்டும், அதுவும் நம் சரித்திரம்தான். ஆனால் அரசருக்குக் கிடைத்த கண்ணாடிப் பேழை சிப்பாய்க்கும் கிடைக்க வேண்டும்.

கண்ணமங்கலம் பக்கத்திலேயே கம்மவான்பேட்டை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். பதக்கம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், சீருடையில் எடுத்த போட்டோ என்று தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போட்டோவின் பின்னால் பெயர், ஊர், படைப்பிரிவு, ஆண்டு நான்கையும் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆரணி அருங்காட்சியகத்தின் முதல் அறை அதிலிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது அறை நெசவாளருக்கு. ஆரணிச் சேலையில் ஊர்ப் பெயர் இருக்கிறது, நெய்தவர் பெயர் இல்லை. அடுத்த வாரம் குழித்தறிக்கு.