பெயர் வைக்கும் முன் பதிவேட்டைப் பாருங்கள்

புதிதாக ஒரு தொழிலைத் தொடங்க முற்படுவோர் மூலதனத்தைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் பல நாள் யோசிக்கிறார்கள். பெயரை மட்டும் ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். குலதெய்வத்தின் பெயர், ஊர்ப் பெயர், அல்லது ‘கொங்கு’ என்னும் சொல், இவற்றுள் ஒன்று முன்னால் நிற்கும். ‘டெக்ஸ்’, ‘டிரேடர்ஸ்’ என்று ஏதாவதொன்று பின்னால் சேரும். கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் செல்பவர் வழியிலுள்ள பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறதென்று எண்ணி அலுத்துப் போவார். பலகை அளவில் நிற்கும் வரை இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. பெயர் சரக்கின்மேல் ஏறி வெளியூர்ச் சந்தைக்குப் போகத் தொடங்கியதும்தான் வில்லங்கம் பிறக்கிறது.

வில்லங்கம் என்ற சொல்லை வேண்டுமென்றே உபயோகித்தோம். ஓர் ஏக்கர் தோட்டம் வாங்குவதானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் நம்மவர் முன்பணம் கொடுப்பதில்லை. பெயருக்கும் அப்படியொரு சோதனை உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. நிலத்துக்கு ஒரு பதிவு அலுவலகத்தைத் தேடிப் போனால் போதும். பெயருக்கோ கம்பெனிப் பதிவேடு, கூட்டுறவுப் பதிவேடு, கூட்டு வியாபாரப் பதிவேடு, வியாபாரக் குறிப் பதிவேடு என்று நான்கு புத்தகங்கள், நான்கு சட்டங்களின்கீழ், நான்கு இடங்களில் இருக்கின்றன. ஒன்றில் இடம் கிடைத்தது என்பதற்காக மற்றொன்று வழிவிடுவதில்லை. நம் சங்கங்களில் பலர் அறியாதிருப்பது இதுவே.

அறியாமையின் விலை என்ன என்பதற்குத் தமிழ் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலருகேயுள்ள இருட்டுக்கடை அல்வாவைக் கேள்விப்படாதவர் இலர். மங்கலான விளக்கில் வியாபாரம் நடந்தமையால் ஜனங்களே வைத்து வழங்கிய பெயர் அது. பிற்காலத்தில் வேறொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரில் வியாபாரம் செய்யலானார். அவரிடமும் பதிவு இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 மார்ச்சில் தீர்ப்பளித்த நீதிபதிகள், பெயரை முந்தி உபயோகித்து நற்பெயர் தேடிக்கொண்டவரின் உரிமை, பதிவினால் மட்டும் வரும் உரிமையைக் காட்டிலும் மேலானது என்று கூறிப் பழைய கடைக்கே வெற்றி தந்தார்கள். ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டியது புதியவருக்குத் துணை செய்யவில்லை.

இந்தத் தீர்ப்பு நம்மவருக்கு இரண்டு விதத்தில் பயன்படும். நீண்ட காலமாக ஒரு பெயரில் சேலையோ ஜமக்காளமோ விற்றுவரும் சங்கம், குறியைப் பதியாதிருந்தாலும் நிர்க்கதியாய் நிற்பதில்லை. ஆனால் முந்தி உபயோகித்ததற்கு அத்தாட்சி வேண்டும். பழைய ரசீதுப் புத்தகங்களையும் லேபில்களையும் கரையானுக்குக் கொடுத்துவிட்ட சங்கம் நீதிமன்றத்தில் எதைக் காட்டும்? புதிதாகத் தொடங்குபவரோ, கையில் ஒரு சர்ட்டிபிகேட் வந்துவிட்டதென்று தைரியமாக இருந்துவிடலாகாது. பதிவேட்டில் தேடுவதோடு கடைவீதியிலும் தேட வேண்டும்.

இனிப் புத்தகங்களுக்கு வருவோம். இக்காலத்தில் மஞ்சள், தென்னை, பருத்தி விவசாயிகள் பலர் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்கிறார்கள். 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் உண்டான இவ்வமைப்பு, 2020இல் செய்த திருத்தத்தின்மூலம் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் தனி அத்தியாயமாகச் சேர்ந்தது. உற்பத்தியாளர் பத்துப் பேர் கூடினால் தொடங்கலாம். பெயர் ‘புரொட்யூசர் கம்பெனி லிமிடெட்’ என்று முடிதல் வேண்டும். கொங்கு நாட்டுக் கம்பெனிகளுக்குக் கோயம்புத்தூரிலேயே பதிவாளர் அலுவலகம் உண்டு. ஆயினும் பெயரைச் சோதித்து அனுமதிப்பது ஹரியானாவிலுள்ள மானேசரில் 2016 முதல் இயங்கும் மத்தியப் பதிவு மையம். எனவே கோயம்புத்தூர் அலுவலகத்தில் நேரில் பேசி முடித்துவிடலாம் என்று எண்ணுவது வீண்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணைய தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அப்படியே அச்சொட்டான பெயர் இல்லை என்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கம்பெனி அமைப்பு விதிகளின் 8ஆம் விதி, எவ்வெவை வேறுபாடாகக் கருதப்பட மாட்டா என்று சொல்கிறது. ‘பொன்வயல்’ என்றொரு கம்பெனி முன்னமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பொன்வயல்கள்’ என்று பன்மையாக்கினாலும், ஓரெழுத்தைக் கூட்டிக் குறைத்தாலும், சொற்களை முன்பின்னாக மாற்றினாலும், பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்தாலும் அது பழைய பெயரே. ‘ஈரோடு பொன்வயல்’ என்று ஊரைச் சேர்த்தாலும் பயனில்லை. இருட்டுக்கடை வழக்கில் நீதிமன்றம் கண்ட நியாயமே இங்கு விதியாக நிற்கிறது. பிறர் பதிந்த வியாபாரக் குறியோ, பதிய விண்ணப்பித்திருக்கும் குறியோ பெயரில் அடங்கியிருந்தால், அக்குறிக்கு உரியவரின் சம்மதம் வேண்டும். ஆகவே கம்பெனி தொடங்குபவரும் வியாபாரக் குறிப் பதிவேட்டைப் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத்தில் இரண்டு பெயர்களைக் குறிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். அனுமதியான பெயர் 20 நாட்கள் வரையில் நமக்கென நிறுத்தி வைக்கப்படும். கூடுதல் கட்டணம் செலுத்தி 60 நாள் வரை நீட்டிக்க விதியுண்டு. அதற்குள் கம்பெனியைப் பதியாவிட்டால் பெயர் மறுபடியும் பொதுவாகிவிடும். பங்குத் தொகை வசூலாகவில்லை, இன்னும் இரண்டு பேர் கையெழுத்திடவில்லை என்று காத்திருக்கும் குழு, முதலில் அவற்றை முடித்துக்கொண்டு பின்னர் பெயருக்கு விண்ணப்பிப்பதே நலம்.

கூட்டுறவாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. ‘கூட்டுறவு’ என்ற சொல்லையோ, எந்தப் பிராந்திய மொழியிலும் அதற்கு நிகரான சொல்லையோ கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்ப் பதியாதவர் அச்சொல்லை வியாபாரப் பெயரில் உபயோகிப்பதை 1912ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. நம் அங்கத்தினர்களே சேர்ந்து கம்பெனி அமைத்தாலும், சங்கத்தின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு போக வழியில்லை.

கூட்டுறவுப் பதிவேடு 1983ஆம் ஆண்டுத் தமிழ் நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி நடப்பது. நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை இயக்குநரே பதிவாளரின் அதிகாரத்தோடு செயல்படுகிறார்; எனவே விசாரிக்க வேண்டிய இடம் அத்துறையின் அலுவலகமே. கூட்டு வியாபாரங்களை 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளர் பதிகிறார். இப்பதிவு பெயருக்குக் காவலன்று. ஒரே பெயரில் வேறொரு வியாபாரம் வேறொரு ஜில்லாவில் பதிவாகியிருக்கக்கூடும். பதியாத கூட்டு வியாபாரம் பாக்கிக்காக வழக்குத் தொடுக்க இயலாது என்பதே இதன் முக்கியப் பயன்.

ஜி.எஸ்.டி. எண்ணையும் உத்யம் சான்றையும் காட்டி, “பெயர் எங்களுக்கே பதிவாகிவிட்டது” என்று சொல்வோரை அடிக்கடி காண்கிறோம். முன்னது வரிக்காக, பின்னது சிறு தொழிலென்று அடையாளம் காட்டுவதற்காக. பெயரின்மீது தனியுரிமை இவ்விரண்டாலும் வருவதில்லை.

பெயருக்கு உண்மையான வேலி, 1999ஆம் ஆண்டு வியாபாரக் குறிச் சட்டமே. தமிழ் நாட்டுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சரக்குகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நூல் 23ஆம் வகை, துணி 24, தைத்த ஆடை 25, மஞ்சள் தூள் போன்ற மசாலைப் பொருள் 30, பதப்படுத்தாத விளைபொருள் 31. ஒரு வகையில் பதிந்த குறி எல்லாவற்றிலும் காப்பாற்றும் என்று கொள்ளலாகாது. தேடுகையில் ஒலியைக் கொண்டு தேடும் வசதி உண்டு. நமக்கு அது மிக அவசியம். ‘தறி’ என்ற சிறு சொல்லை ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘ட’கர எழுத்தோடு நிறுத்தி எழுதுவார், மற்றொருவர் ‘ஹ’கரத்தையும் சேர்ப்பார். ஒரு விதமாகத் தேடி இல்லையென்று முடிவு செய்தவர், மறுவிதமாகப் பதிந்தவரின் நோட்டீஸைப் பெற நேரலாம்.

2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இணைய வழி விண்ணப்பத்துக்குத் தனி நபரும் சிறு தொழிலும் வகை ஒன்றுக்கு 4,500 ரூபாயும் மற்றவர் 9,000 ரூபாயும் செலுத்த வேண்டும். ஏற்கப்பட்ட குறி வியாபாரக் குறி இதழில் வெளியாகும். ஆட்சேபிக்க 4 மாதத் தவணை. பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின் புதுப்பிக்கலாம். சட்டப் பெயரும் வியாபாரக் குறியும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. 1935இல் தோன்றிய தமிழ் நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முழுப் பெயரைச் சொல்லித் துணி கேட்பவர் யார்? கோ-ஆப்டெக்ஸ் என்றால் குழந்தைக்கும் தெரியும். சட்டப் பெயர் நீளமாகக் கிடக்கட்டும். லேபிலில் ஏறும் சொல் சிறியதாகவும், பிறர் எவரும் வழங்காததாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் ஊர்ப் பெயர் ஆசை குறுக்கே வருகிறது. சரக்கு எவ்வூரிலிருந்து வருகிறது என்பதை மட்டும் காட்டும் சொல்லை ஒருவர் தமக்கென்று பதிவதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. நெகமத்தில் நெய்யும் அனைவருக்கும் நெகமம் பொது. அந்தப் பொது உரிமைக்கு வேறொரு பதிவேடு, கிண்டியிலேயே இருக்கிறது. அது புவிசார் குறியீட்டுப் பதிவேடு. பவானி ஜமக்காளம், கோவை கோரா காட்டன் சேலை, 2019இல் ஈரோடு மஞ்சள், 2023இல் நெகமம் காட்டன் சேலை ஆகியவை அதில் ஏறியுள்ளன. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதென்று பத்திரிகையில் படித்ததோடு பலர் நின்றுவிட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகத் தனித்தனியே பதிந்துகொண்டவர்க்கே சட்டத்தின் முழுப் பயனும் உண்டு. விசைத்தறித் துணியைக் கைத்தறிப் பெயரில் விற்பவர்மீது நடவடிக்கை கோரும்போது இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். சங்கங்கள் தம் அங்கத்தினருக்கு இவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது, வருஷம் ஒரு மகாசபையில் மாலை போடுவதைக் காட்டிலும் உபயோகமான பணி.

‘காதி’ என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கதர் கிராமத் தொழில் ஆணையம் அதனை வியாபாரக் குறியாகக் கொண்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி காதி முத்திரை பெறாத துணியை அப்பெயரில் விற்கலாகாது. மகாத்மா காந்தியின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்கு உபயோகிப்பதை 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

கடைசியாக, விண்ணப்பம் யார் பெயரில் போகிறது என்பதைப் பாருங்கள். அவசரத்தில் காரியதரிசியோ, முன்னின்று உழைக்கும் ஓர் அங்கத்தினரோ தம் பெயரிலேயே குறியைப் பதிந்துவிடுவது உண்டு. அன்று அதில் கெட்ட எண்ணம் இராது. ஆனால் பதிவேட்டின்படி சொத்து அவருடையது. அவருக்குப்பின் அவர் வாரிசுகளுடையது. நூறு தறிகள் உழைத்துத் தேடிய பெயரை அவர் விலகும்போது எடுத்துப் போனால், சங்கம் வழக்கு மன்றத்தில்தான் வாதாட நேரும். சங்கத்தின் பெயரிலேயே விண்ணப்பிப்பதென நிர்வாகக் குழுவில் தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். அங்கத்தினர் யாவரும் உபயோகிக்கத்தக்க கூட்டுக் குறியைப் பதியவும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கு, யார், எத்தரத்தில் உபயோகிக்கலாம் என்ற விதிகளையும் உடன் சேர்த்து அனுப்ப வேண்டும். முன்னமே தனி நபர் பெயரில் பதிந்திருந்தால், அவர் நல்லெண்ணத்தோடு இருக்கும்போதே உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி வாங்கி, அதைக் கிண்டி அலுவலகத்தின் பதிவேட்டில் ஏற்றிவிடலாம்.