பயிரின் பசி அறிந்து தெளிப்போம்

நெல் நடவு முடிந்து இருபது நாளில் வயல் முழுக்கப் பச்சை கட்டியிருக்க வேண்டும். சில வயல்களில் அப்படி ஆவதில்லை. பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும், தூர் கட்டாது. கீழ் இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் பரவும். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளுத்துப்போகும். நோய் என்று எண்ணிப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பவர்கள் உண்டு. சத்து போதவில்லை என்று யூரியாவைக் கூட்டிப் போடுபவர்களும் உண்டு. இரண்டிலும் பணம் போகும், பயிர் தேறாது. அந்த வயல் கேட்பது துத்தநாகம். ஒரு தெளிப்புக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ சிங்க் சல்பேட் போதும்.

நோயல்ல, பசி

இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் இதே அறிகுறிகளோடு நெல் காய்ந்தது. அங்கே அதற்குக் 'கைரா' என்று பெயர். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் ஒய்.எல். நேனே, இதற்குக் காரணம் கிருமி எதுவும் இல்லை, துத்தநாகக் குறைபாடுதான் என்று 1966-இல் நிறுவினார். சிங்க் சல்பேட்டைச் சுண்ணாம்புடன் கரைத்து இலையில் தெளித்தபோது பயிர் மீண்டது. இந்திய நெல் வயல்களில் நுண்ணூட்டத் தெளிப்பு வேரூன்றியதற்கு இந்தக் கண்டுபிடிப்பு முக்கியக் காரணம்.

இன்று நாட்டின் விளைநிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் குறைந்தவை. தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மோசம்: பாதிக்கும் மேற்பட்ட மண் மாதிரிகளில் இந்தக் குறை தெரிகிறது. தொழுவுரமும் தழையுரமும் குறைந்து, யூரியா, டிஏபி மூட்டைகளை மட்டும் நம்பிப் போகம் மேல் போகம் எடுத்ததன் விளைவு இது.

தண்ணீர் செய்யும் வேலை

மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிடைக்காமல் போவதுண்டு. வயலில் தொடர்ந்து தண்ணீர் நிற்கும்போது மண்ணில் காற்று அற்றுப்போகிறது. துத்தநாகம் கரையாத சேர்மங்களாக மாறி முடங்குகிறது. களர் நிலம், சுண்ணாம்பு மிகுந்த நிலம், மணிச்சத்து அளவுக்கு மீறிய நிலம் என்றால் சிக்கல் கூடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினாலே சில வயல்களில் பயிர் தெளிவடைவது இதனால்தான்.

இரும்புச்சத்தின் கதை நேர் எதிர். தண்ணீர் நிற்கும் வயலில் இரும்பு நன்றாகக் கரைந்து கிடைக்கும். புழுதி விதைப்பிலும் மேட்டுப்பாங்கான நாற்றங்காலிலும் அது கிடைக்காமல் போகிறது. அப்போது புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக வெளுக்கும். முற்றினால் இலை முழுதும் வெள்ளையாகும். தழைச்சத்துக் குறை என்றால் முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளாகும். எந்த இலை முதலில் மாறுகிறது என்று குனிந்து பார்ப்பதே வைத்தியத்தின் முதல் படி.

அளவும் பக்குவமும்

துத்தநாகக் குறைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 0.5 சத சிங்க் சல்பேட்டும் 1 சத யூரியாவும் சேர்ந்த கரைசல். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ சிங்க் சல்பேட், இரண்டு கிலோ யூரியா. பத்து லிட்டர் டேங்க்குக்கு முறையே 50 கிராம், 100 கிராம். அறிகுறி மறையும்வரை 15 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். இந்த அளவு 21 சதத் துத்தநாகம் உள்ள உப்புக்கானது. 33 சதம் என்று பையில் அச்சிட்டிருந்தால் லிட்டருக்கு 3 கிராம் போதும்.

இரும்புக் குறைக்கு லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துச் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, கரைத்த உடனே தெளிக்க வேண்டும். முதிர்ந்த இலையிலிருந்து புதிய இலைக்கு இரும்பு எளிதில் நகராது. ஆகவே ஒரு தெளிப்போடு நிற்காமல் திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கும்.

நெல் இலையில் மெழுகும் சிலிகாவும் உண்டு. தண்ணீர் உருண்டு ஓடிவிடும். எனவே ஒட்டும் திரவம் கட்டாயம். காலை இளவெயிலிலோ மாலையிலோ தெளிக்கலாம். பூக்கும் நாட்களில் முற்பகலைத் தவிர்க்க வேண்டும். நெற்பூ திறந்து மகரந்தம் சேரும் நேரம் அதுதான். டிஏபி கரைசலோடு சிங்க் சல்பேட்டைக் கலந்தால் இரண்டும் திரிந்து அடியில் படிந்துவிடும். ட்ரோன் வைத்துத் தெளிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கைத்தெளிப்பானுக்குரிய ஒரு கிலோவை ட்ரோனின் பத்து லிட்டர் நீரில் கொட்டினால் கரைசலின் வீரியம் இருபது மடங்காகி இலை கருகும்.

தெளிப்பின் எல்லை

இலைவழித் தெளிப்பு, மயங்கி விழுந்தவருக்கு ஏற்றும் குளுக்கோஸ். அடியுரமே அன்றாடச் சோறு. ஒரு தெளிப்பில் ஏக்கருக்குப் போவது சுமார் 210 கிராம் துத்தநாகம். நடவுக்கு முன் 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து தூவினால் அதைப்போலப் பத்து மடங்கு மண்ணில் சேர்கிறது. அடுத்த போகத்துக்கும் மிச்சம் இருக்கிறது. குறை வெளியே தெரியும்போது தூர் கட்டும் நாட்களில் ஒரு பகுதி ஏற்கெனவே வீணாகியிருக்கும். பின்னால் எத்தனை முறை தெளித்தாலும் இழந்த தூரை முழுதாக மீட்க முடியாது.

தெளிப்புக்கே உரிய நன்மை ஒன்றும் உண்டு. பூத்த பின், பால் பிடிக்கும் பருவத்தில் கொடுக்கும் துத்தநாகம் அரிசி மணியில் சேர்கிறது. மண்ணில் இட்டது பெரும்பாலும் விளைச்சலைக் கூட்டும். இந்தத் தெளிப்போ சோற்றின் சத்தைக் கூட்டும். அரிசியை நம்பி வளரும் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

உரக்கடையில் வண்ண பாட்டில்களில் 'டானிக்' என்று விற்பதை வாங்குமுன் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகியவையும் அளக்கப்படுகின்றன. போரான் தேவைக்குச் சற்று மிஞ்சினாலே நஞ்சாகும். சோதனை இல்லாமல் அதைத் தொடவே கூடாது. குறுவைக்கோ சம்பாவுக்கோ உழவு ஓட்டுமுன் மண் மாதிரி எடுத்து வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுங்கள். முடிவைப் பார்த்து அடியுரம் இடுங்கள். பயிர் கேட்டால் மட்டும் தெளியுங்கள்.