நிலையாக நிற்காத கட்டம்

வட்டத்தில் சீரான வேகத்தில் சுற்றும் ஒரு புள்ளியின் உயரத்தை நேரத்தோடு சேர்த்து வரைந்தால் கிடைப்பதே சைன் அலை. சுழலும் ராட்டினத்தில் அமர்ந்திருப்பவரின் உயரம் நேரத்தோடு ஏறி இறங்குவதும் இதே வளைவுதான். புள்ளி ஒரு நொடியில் எத்தனை முறை சுற்றுகிறது என்பது அதிர்வெண். ஒரு கணத்தில் அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது கட்டம். ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு அலைகளில் ஒன்று மற்றதைவிட முந்தியோ பிந்தியோ இருந்தால், அந்தக் கோண இடைவெளி கட்ட வேறுபாடு.

பள்ளிப் பாடங்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் மாறாத எண்ணாகவே வரும். நடைமுறையில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். இந்திய மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மின்தேவை கூடி அது 49.95 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், துல்லியமான 50 ஹெர்ட்ஸ் அலையைவிட நொடிக்கு 18 பாகை பின்தங்கும். 20 நொடியில் ஒரு முழுச் சுற்றே பின்தங்கிவிடும். கட்டம் சீராக மாறுவதும் அதிர்வெண் சற்று விலகுவதும் ஒரே நிகழ்வு என்பது இதிலிருந்து தெரியும். கட்டம் மாறும் வேகமே அதிர்வெண்ணின் விலகல். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இப்படி நகரும் கட்டத்தைக் கணினியில் உருவாக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. 360 பாகையை அதிர்வெண்ணாலும் கடந்த நேரத்தாலும் பெருக்கி, அந்தக் கணத்துக்குரிய கட்டப் பெயர்ச்சியைக் கூட்டி, கிடைத்த கோணத்துக்கு சைன் மதிப்பு கண்டால் போதும்.

மாறுவது கட்டம் என்று சொல்லாமல் அதிர்வெண் என்று சொல்லும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 440 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று, நொடிக்கு 6 முறை, 5 ஹெர்ட்ஸ் மேலும் கீழுமாக அசைய வேண்டும் என்று கொள்ளலாம். அந்தந்தக் கணத்தின் அதிர்வெண்ணைக் கடந்த நேரத்தால் பெருக்குவது இயல்பான வழியாகத் தோன்றும். ஆனால் அது தவறு. இதுவரை கடந்த நேரம் முழுவதும் அலை இப்போதைய அதிர்வெண்ணிலேயே ஓடியதாக அந்தப் பெருக்கல் கருதிவிடுகிறது. அதனால் நேரம் செல்லச் செல்லப் பிழை வளர்கிறது. 5 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய விலகல், முதல் நொடி முடிவிலேயே ஏறக்குறைய 190 ஹெர்ட்ஸைத் தொடும். பத்தாவது நொடியில் 1,900 ஹெர்ட்ஸை நெருங்கும். தொடக்கத்தில் இனிதாக ஒலித்தது கடைசியில் அலறலாகும். உண்மையில் தேவைப்படுவது, கட்டம் சுமார் 48 பாகை முன்னும் பின்னும் ஆடுவது மட்டுமே.

சரியான முறை, கோணத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போவது. அலையின் மதிப்பை நொடிக்கு 44,100 முறை, அதாவது 44,100 மாதிரிகளாகக் கணக்கிடும்போது, 440 ஹெர்ட்ஸ் அலையின் கோணம் ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் 3.6 பாகை முன்னேறும். அதிர்வெண் மாறினால் அடுத்த அடியின் நீளம் மட்டும் மாறும். கடந்து வந்த தூரம் அப்படியே இருக்கும். கோணம் 360 பாகையைத் தாண்டும்போதெல்லாம் 360ஐக் கழித்துவிடுவது நல்லது. இல்லையெனில் நீண்ட ஓட்டத்தில் எண் பெருத்து, துல்லியம் குறையும்.

கட்டம் திடீரென்று தாவினால் அலையில் முறிவு ஏற்படும். ஒலியில் அது ‘டிக்’ என்று கேட்கும். இசைக்கு இது கேடு என்பதால் தாவலைச் சில மில்லிநொடிகளுக்குப் பரப்பிச் சீராக்க வேண்டும். தகவல் தொடர்பிலோ 180 பாகைத் தாவலே 0, 1 என்ற செய்தியைச் சுமக்கிறது.

அசைவின் வேகத்தையும் ஆழத்தையும் வெகுவாகக் கூட்டினால் நடப்பது வியப்பானது. நொடிக்குச் சில முறை என்றிருந்த அசைவு நூற்றுக்கணக்கில் ஏறும்போது, காது அதை நடுக்கமாக உணர்வதில்லை. முதன்மை அலையின் இருபுறமும் புதிய அதிர்வெண்கள் முளைத்து, மணியோசை போன்ற வேறொரு ஒலிநிறம் பிறக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் இதைக் கண்டறிந்தார்; 1973இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 இசைக்கருவி இந்த முறையில்தான் ஒலி எழுப்பியது. அதன் உள்ளே கணக்கிடப்பட்டது, ஒரு சைன் அலை இன்னொன்றின் கட்டத்தை ஆட்டும் எளிய கூட்டல்தான்.