பழைய ஆற்றல்மிகு செடான்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு காட்சியறைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு வந்த கார், இன்று கைக்கு எட்டும் விலையில் விற்பனைக்கு வருகிறது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகமான இக்காரில் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். ஆற்றல் 230 குதிரைத்திறன். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் சேராத அறிமுக விலை 24 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இதற்கு முன் 2011இல் லாரா ஆர்.எஸ். வந்தது, பின்னர் 2020இல் ஆர்.எஸ். 245 வெறும் 200 கார்கள் மட்டுமே இந்தியச் சந்தைக்கு ஒதுக்கப்பட்டு வந்தது. ஜெர்மானிய நிறுவனங்களின் பழைய செடான்களும் இவ்வரிசையில் சேரும்.

இத்தகைய கார்களை வாங்குவதற்குக் கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வருவோரில் பலர், அவற்றை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. அலுவலகம் செல்லவும், குழந்தைகளைப் பள்ளியில் விடவும், மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வரவும் வீட்டின் ஒரே காராகவே வாங்க விரும்புகின்றனர். அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால் அன்றாடம் ஓடவேண்டிய காருக்குரிய கணக்கு வேறு. அக்கணக்கை வாடிக்கையாளர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேயும் விலை, தேயாத செலவு

பழைய காரின் சந்தை விலை ஆண்டுதோறும் குறைகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலையோ குறைவதில்லை. இருபத்தைந்து லட்சம் ரூபாய்க் காருக்கென வடிவமைக்கப்பட்ட டர்போ, கியர்பெட்டி, பிரேக் தட்டு, முகப்பு விளக்கு ஆகியவை, அக்கார் பத்து லட்சத்துக்கு விற்கும் நாளிலும் இருபத்தைந்து லட்சம் ரூபாய்க் காரின் பாகங்களாகவே இருக்கின்றன. வாங்குபவர் பெறும் தள்ளுபடி காரின் விலையில் மட்டுமே; பராமரிப்பில் அன்று. இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் பிற முடிவுகள் எளிதாகும்.

குறைந்த எண்ணிக்கையில் விற்ற மாடல்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாகம் கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்காது. இறக்குமதியாகும் பாகத்துக்காகக் கார் பணிமனையில் நாட்கணக்கில் நிற்க நேரிடலாம். வீட்டில் வேறு வாகனம் இருந்தால் அது சிறு தொல்லை. இல்லாவிட்டால் வாடகைக் கார்ச் செலவும் கணக்கில் சேரும்.

ஒரு மாதக் கணக்கு

எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். காரின் விலை 10 லட்சம் ரூபாய். கைப்பணம் 2 லட்சம். கடன் 8 லட்சம். ஆண்டு வட்டி 12 விழுக்காடு.

மூன்று ஆண்டுத் தவணை எனில் மாதம் ஏறத்தாழ 26,570 ரூபாய். மொத்த வட்டி 1.57 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு ஆண்டு எனில் மாதம் ஏறத்தாழ 21,070 ரூபாய்; மொத்த வட்டி 2.11 லட்சம். தவணை 5,500 ரூபாய் குறைகிறது. வட்டியோ ஏறத்தாழ 54,600 ரூபாய் கூடுகிறது.

அடுத்தது எரிபொருள். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் 1,250 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைப்பதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனவும் கொண்டால், மாதச் செலவு 12,500 ரூபாய். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சிறிய காருக்கு இதே தொலைவுக்கு 6,950 ரூபாய் போதும்.

மூன்றாவது, காப்பீடு, பராமரிப்பு, டயர், எதிர்பாராப் பழுது ஆகியவை. இவற்றுக்கு ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் ஒதுக்கினால் மாதம் 10,000 ஆகிறது. இது மிகையான ஒதுக்கீடு அன்று. ஒரே ஒரு பெரிய பழுது வந்தாலும் ஓராண்டு ஒதுக்கீடு கரைந்துவிடும்.

நான்கு ஆண்டுத் தவணையில் மூன்றையும் கூட்டினால் மாதம் ஏறத்தாழ 43,570 ரூபாய். இதில் கடன் தவணை பாதிக்கும் குறைவு. 'மாதம் 21,000 கட்ட முடியும்' என்ற நம்பிக்கையோடு வருபவர் உண்மையில் அதைப்போல் இரு மடங்குச் செலவை ஏற்கிறார். குடும்பத்தின் அவசரக்காலச் சேமிப்பு அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கினால், காரின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்காது.

வங்கி எதைப் பார்க்கிறது?

பழைய காருக்கான கடனில் வங்கி மூன்று செய்திகளைக் கவனிக்கிறது. முதலாவது, காரின் வயது. கடன் முடியும் நாளில் காரின் வயது எவ்வளவாக இருக்கும் என்பதே அளவுகோல். எனவே கார் பழையதாக ஆக, தவணைக் காலம் சுருங்கும். மாதத் தவணை கூடும். இரண்டாவது, மதிப்பீடு. விற்பவர் கேட்கும் விலையும் மதிப்பீட்டாளர் தரும் விலையும் வேறுபட்டால், பொதுவாகக் குறைந்த தொகையையே வங்கி அடிப்படையாகக் கொள்ளும். அபூர்வ மாடல் என்பதற்காக விற்பவர் கூடுதல் விலை கேட்டால், அக்கூடுதல் தொகை முழுவதும் வாங்குபவரின் கையிலிருந்தே வரவேண்டும். மூன்றாவது, வட்டி. புதிய கார்க் கடனைவிடப் பழைய கார்க் கடனுக்கு வட்டி அதிகம்.

கார் மிகப் பழையதாக இருந்து வாகனக் கடன் மறுக்கப்பட்டால், சிலர் தனிநபர் கடனை நாடுகின்றனர். அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். வங்கி ஒரு வாகனத்தைப் பிணையாக ஏற்கத் தயங்குகிறது என்றால், மறுவிற்பனையில் அதன் மதிப்பு உறுதியற்றது என்று பொருள். அத்தயக்கம் வாங்குபவருக்கும் ஒரு செய்தியே.

கடனை முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் இருந்தால், வட்டி நிலையானதா மாறுவதா என்பதை முதலிலேயே கேட்டறிக. நிலையான வட்டிக் கடனில் முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் இருக்கலாம்.

காரைப் பார்க்கும் முறை

ஆற்றல்மிகு கார்களில் கிலோமீட்டர் எண்ணிக்கையைவிடப் பராமரிப்பு வரலாறே முதன்மையானது. ஆக்டேவியா ஆர்.எஸ். 230இல் உள்ள ஆறு வேக இரட்டை கிளட்ச் கியர்பெட்டி எண்ணெயில் இயங்குவது. அதன் எண்ணெயை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதே காலத்து வேறு சில மாடல்களில் உலர் கிளட்ச் கொண்ட ஏழு வேகக் கியர்பெட்டி உண்டு. அதன் தேய்மானமும் பழுதும் வேறு வகையானவை. எந்தக் கியர்பெட்டி என்பதையும், அதற்குரிய வேலைகள் நடந்ததற்கான பற்றுச்சீட்டுகளையும் பார்க்காமல் விலை பேசலாகாது.

நேரடியாக எரிபொருள் செலுத்தும் டர்போ என்ஜின்களில் உள்ளிழுப்பு வால்வுகளில் கரி படிவது இயல்பு. குளிர்ந்த நிலையில் முதல் முறை கிளப்பும்போது வரும் ஓசை, புகை, நடுக்கம் ஆகியவை பலவற்றைச் சொல்லும். ஆகவே நீங்கள் போய்ச் சேரும் முன்பே என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என விற்பவரிடம் கேட்டுக்கொள்க.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நான்கு டயர்களும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை என்றால் காரணம் கேட்க வேண்டும். பக்கச்சுவர் குறைந்த டயர்கள் குழியில் விழுந்தால் சக்கர விளிம்பும் நெளியக்கூடும். அதையும் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னை கண்டதைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்கள் பிற மாநிலச் சந்தைகளிலும் நுழையக்கூடும். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறை தெரியலாம். தரைவிரிப்பின் அடியிலும், உதிரிச் சக்கரக் குழியிலும், இருக்கையைத் தாங்கும் இரும்பிலும் துரு இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

என்ஜின் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டும் 'ரீமேப்' இவ்வகைக் கார்களில் பரவலானது. அது கியர்பெட்டிக்கும் டர்போவுக்கும் கூடுதல் சுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படாத மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில் தகராறாக மாறும்.

இவை அனைத்தையும் நாமே பார்த்துவிட முடியாது. அம்மாடலை அறிந்த, விற்பவரோடு தொடர்பற்ற மெக்கானிக்கைக் கொண்டு காரைத் தூக்கிப் பார்த்து, ஸ்கேனர் இணைத்துச் சோதிப்பது நல்லது. அதற்காகும் சில ஆயிரம் ரூபாய், பல லட்சம் ரூபாய் முடிவுக்கான காப்பு.

ஆவணங்கள்

பதிவுச் சான்றிதழில் பழைய கடன் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கொண்டு அப்பதிவை நீக்கவேண்டும். 'கடன் எப்போதோ முடிந்துவிட்டது' என்ற வாய்மொழி போதாது. எம்பரிவாகன் செயலியில் பதிவு நாள், கடன் குறிப்பு, காப்பீடு ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். நிலுவையிலுள்ள அபராதங்களை இ-சலான் இணையதளத்தில் காணலாம். சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் காரில் கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும்.

உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது வெறும் சடங்கு அன்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பழைய காரை விற்றுவிட்டு இக்காரை வாங்குவோர், விற்ற காரின் பெயர் மாற்றத்தையும் கண்காணிக்க வேண்டும்.

வேறு மாநிலப் பதிவுக் கார் மலிவாகத் தோன்றலாம். தடையின்மைச் சான்று பெறுதல், புதிய மாநிலத்தில் சாலை வரி செலுத்துதல், பழைய மாநிலத்தில் வரி திரும்பக் கேட்டல் ஆகியவற்றுக்கான பணத்தையும் காலத்தையும் சேர்த்த பிறகே அது உண்மையில் மலிவா என முடிவு செய்ய இயலும்.

தில்லியும் அதன் சுற்றுப்பகுதியும் தனிக் கவனத்துக்குரியவை. 10 ஆண்டு கடந்த டீசல் கார்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் அங்கே ஓடக்கூடாது என 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; 2025இல் இவ்விவகாரம் மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தது. அங்கு வாழ்வோர் வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்தே முடிவெடுக்க வேண்டும். பிற இடங்களிலும் 15 ஆண்டு நிறைந்தபின் தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பித்தலும் உண்டு.

காப்பீட்டில் மூன்று குறிப்புகள்

ஒன்று, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022 ஜூனில் ஆண்டுக்கு 7,897 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது, வரி தனி. 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அது 2,094 ரூபாயே.

இரண்டு, விற்பவரின் 'நோ கிளைம் போனஸ்' காரோடு வராது, அது அவருக்குரியது. உங்கள் பழைய காரில் நீங்கள் சேர்த்த போனஸை இக்காருக்கு மாற்றிக்கொள்ளலாம். பாலிசியை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கோருங்கள். இல்லாவிடில் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது ஐயமே.

மூன்று, ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. மேலும், தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாதுகாப்பு பழைய கார்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அது இல்லையேல் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியை நீங்களே ஏற்க வேண்டும். முன்பம்பர் ஒன்று உடைந்தாலே இதன் பொருள் விளங்கும்.

யாருக்குப் பொருந்தும்?

வீட்டில் இன்னொரு வாகனம் உண்டு. நம்பத்தக்க மெக்கானிக் அருகில் இருக்கிறார். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான சேமிப்பைத் தொடாமல் கைப்பணம் கட்ட முடிகிறது. காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதலாண்டுப் பழுதுக்கெனத் தனியே வைக்க முடிகிறது. இந்த நான்கும் பொருந்துவோருக்குப் பழைய ஆற்றல்மிகு செடான் நிறைவு தரும் தேர்வு. நெடுஞ்சாலையில் உறுதியான நிலைத்தன்மையும், தரமான கட்டமைப்பும், விசாலமான டிக்கியும் அதே விலைப் புதிய கார்களில் எளிதில் கிடைப்பவை அல்ல.

இவற்றில் இரண்டேனும் பொருந்தாவிட்டால், அதே மாடலின் ஆற்றல் குறைந்த பெட்ரோல் வகையைப் பார்க்கலாம். அல்லது ஓராண்டு காத்திருந்து கைப்பணத்தைக் கூட்டலாம். காத்திருக்கும் காலத்தில் மாதம் 20,000 ரூபாயைத் தொடர்வைப்புத் திட்டத்தில் செலுத்திப் பாருங்கள். இடையில் நிறுத்தாமல் ஓராண்டு செலுத்த முடிந்தால், 2.40 லட்சமும் வட்டியும் கையில் இருக்கும். தவணை கட்டும் ஆற்றல் உங்களுக்கு உண்டு என்பதும் உறுதியாகும். செலுத்த முடியாமற்போனால், அந்த உண்மை ஒரு கடனும் இன்றித் தெரியவந்ததே இலாபம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், பதிவுச் சான்றிதழ் நகல், காப்பீட்டு நகல், பராமரிப்புப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றுடன் அருகிலுள்ள கிளைக்கு வருக. மதிப்பீடு, தகுதியான கடன் தொகை, தவணைக் காலம் ஆகியவற்றை அறிந்த பின் விற்பவரிடம் விலை பேசினால், பேச்சில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.